சிடி-யைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் பாட்டு நடுவே டிக் டிக் சத்தம் – அவசர உதவி

பாலாற்றங்கரை:
வணக்கம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துப் பாட்டுகளை 2006-ல் ஆரணியில் ஒரு ஸ்டுடியோவில் ஆடியோ சிடி-யாகப் போட்டார்கள். பெரியப்பாவிடம் முழு செட்டும் இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பென்டிரைவில் போட வேண்டும். ஏற்றினால் டிக் டிக் என்று வெட்டுகிறது. சிடி பிளேயரில் நன்றாகத்தான் பாடுகிறது. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அக்னி வசந்தத் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

குடியாத்தம் தம்பி:
எல்லாம் என்றால் என்னென்ன அண்ணா? எந்த சாஃப்ட்வேர்? டிரைவ் உள்ளேயே இருப்பதா, வெளியே மாட்டுவதா? எல்லா சிடி-யிலும் வருகிறதா?

கோட்டை அகழி:
வேலூர் வெயில்தான், வேறென்ன. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்தது சிடி-ஆர். அதில் பாட்டு பதிவதே ஒரு சாயப் பூச்சில்தான். சூட்டிலும் வெளிச்சத்திலும் அது கெடும். பெரியப்பா எங்கே வைத்திருந்தார், பீரோவிலா, டிவி மேலேயா?

ஸ்பீக்கர் பித்தன்:
பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி (இஏசி) சாஃப்ட்வேர், அதில் செக்யூர் மோட், அக்யூரேட்ரிப், தரம் குறையாத ஃபிளாக் ஃபைல். முடிந்தது. இதற்கு மேல் விளக்க எனக்கு நேரமில்லை.

ஆரணிப் பட்டு:
சார், உலகத்தில் மற்றவர்கள் அதே சிடி-யை ஏற்றியபோது வந்த கணக்கோடு நம்முடையதை ஒப்பிடுவதுதான் அக்யூரேட்ரிப். எங்கள் ஊர் ஸ்டுடியோ போட்ட கூத்து சிடி-யை யார் ஏற்றி வைத்திருப்பார்கள்? இஏசி-யில் டெஸ்ட் அண்ட் காப்பி கொடுத்து, அது இரண்டு தடவை படித்துத் தரும் சிஆர்சி சரிபார்ப்பு எண்கள் இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தால் போதும்.

ரேணுகாம்பாள் ஆடியோஸ்:
கோல்கேட்டை லேசாகத் தேய்த்துக் கழுவுங்கள். நான் பல சிடி-யைக் காப்பாற்றியிருக்கிறேன்.

சத்துவாச்சாரி மெக்கானிக்:
பேஸ்ட் வேண்டாம் தம்பி, கடைசியில் பார்க்கலாம். முதலில் ஒரே பாட்டை இரண்டு தடவை ஏற்றுங்கள். டிக் அதே நிமிடம், அதே நொடியில் வந்தால் கோளாறு சிடி-யில். இடம் மாறி மாறி வந்தால் டிரைவோ வயரோ. ஏற்றிய ஃபைலைப் போனிலும் போட்டுக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் ஃபைலில் குறையில்லை, கம்ப்யூட்டர் பாடுவதில்தான் பிரச்சினை.

பிளேயரில் நன்றாக இருக்கிறதே என்பதை நம்ப வேண்டாம். படிக்க முடியாத இடம் வந்தால், முன்னும் பின்னும் இருக்கும் சத்தத்தைப் பார்த்து நடுவில் தானே நிரப்பி மழுப்பிவிடும். அதுவும் ஒரே வேகத்தில் நிதானமாகப் படிக்கும். கம்ப்யூட்டர் டிரைவ் பல மடங்கு வேகத்தில் ஓடும், திணறினால் டிக். டேட்டா சிடி-யில் செக்டார் என்கிற ஒவ்வொரு துண்டிலும் தவறைத் திருத்தக் கூடுதல் தகவல் இருக்கும். ஆடியோ சிடி-யில் ஒரு செக்டாரின் 2352 பைட்டும் பாட்டுக்கே போய்விடுகிறது.

பாலாற்றங்கரை:
விண்டோஸ் மீடியா பிளேயர். லேப்டாப்பில் டிரைவ் இல்லை, வெளியே மாட்டும் டிவிடி டிரைவ். போனிலும் டிக் கேட்கிறது. இடம் மாறி மாறித்தான் வருகிறது, ஆனால் ஒரு சிடி-யில் கடைசிப் பாட்டுகளில் மட்டும் அதே இடம்.

சத்துவாச்சாரி மெக்கானிக்:
அப்போது வியாதி இரண்டு. டிரைவை யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருக்கிறீர்களா? யுஎஸ்பி 2.0 முனை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், அதை மவுஸ், கீபோர்டோடு பங்கு போட்டால் டிரைவுக்குப் பற்றாது. நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள், இரட்டை முனை கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைசிப் பாட்டு சிடி-யின் வெளி ஓரத்தில் இருக்கும். நாம் விரல் வைத்துப் பிடிக்கும் இடம் அதுதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். எழுத்துப் பக்கம் கீறல் இருந்தால் பேஸ்டும் உதவாது. அந்த மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் பாட்டே இருக்கிறது. அப்புறம் இஏசி, வேகத்தைக் குறைத்து. சந்தேகமான இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்கும்.

ஸ்பீக்கர் பித்தன்:
நான் முதலிலேயே சொன்ன இஏசி. ஃபிளாக்கில் எடுங்கள், எம்பி3 என்பது பாவம்.

ஆரணிப் பட்டு:
பென்டிரைவ் கோயில் மைக் செட்டில் போடத்தானே? புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஃபிளாக்குக்கும் எம்பி3-க்கும் என்ன வித்தியாசம் கேட்கப் போகிறது? பல செட்டுகள் ஃபிளாக்கைத் திறக்கவே திறக்காது.

ஸ்பீக்கர் பித்தன்:
ஃபிளாக்கை வைத்துக்கொண்டு எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், திரும்பிப் போக முடியாது. கூத்துப் பதிவில் அந்தக் கீச்சென்ற இரைச்சலையும் அப்படியே விட்டுவிடுவீர்களா?

ஆரணிப் பட்டு:
அது இரைச்சல் இல்லை சார், கூத்தில் ஊதும் முகவீணை! அதை ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டால் வெறும் ஆர்மோனியமும் தாளமும்தான் மிஞ்சும். கூத்து பார்த்திருக்கிறீர்களா?

கோட்டை அகழி:
இப்போதெல்லாம் முகவீணை வாசிக்க ஆளே குறைவு. ஆனால் பித்தன் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்தக் காலப் பதிவுகளில் மைக்கை வாத்தியத்துக்கு ஒட்டி வைத்து, சத்தம் ஏறி உடைந்திருக்கும். அது பதியும்போதே வந்தது, எப்படி ஏற்றினாலும் போகாது.

ஸ்பீக்கர் பித்தன்:
கொஞ்சமா? பரவாயில்லை.

பாலாற்றங்கரை:
ஹப்பில்தான் இருந்தது. நேராக மாட்டினேன், டிக் நின்றுவிட்டது. அந்த ஒரு சிடி-யை இஏசி ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறது. எழுத்துப் பக்கம் கீறல் இருக்கிறது. நன்றி, பந்தல் வேலைக்குப் போகிறேன்.

ரேணுகாம்பாள் ஆடியோஸ்:
பேஸ்ட் போட்டீர்களா?

குடியாத்தம் தம்பி:
கடைசிப் பாட்டுகள் வந்தனவா அண்ணா? வராவிட்டால் கூத்து வாத்தியார் வீட்டிலோ உபயதாரர் வீட்டிலோ அதே செட் இருக்கும். அந்தப் பாட்டுகளை மட்டும் அவர்கள் சிடி-யில் எடுத்துக்கொள்ளலாம்.