வேலூர் கோட்டை அருங்காட்சியகத்தில் குடும்ப நிகழ்ச்சி: குழந்தைகள் பாதுகாப்பு ஆய்வு வருமா?

கோட்டைமதில்: கோடை விடுமுறையில் வேலூர் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்கி, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிமண் பொம்மை செய்யும் அரைநாள் நிகழ்ச்சி நடத்தப்போகிறோம். 5 முதல் 12 வயது வரை 40 பிள்ளைகள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பதிவு செய்ய வேண்டுமா? ஆய்வுக்கு வந்தால் எதைக் காட்டுவது?

பாலாற்றங்கரை: பதிவு வேண்டாம் சார். இளைஞர் நீதிச் சட்டம் 2015, 54-ஆம் பிரிவின் ஆய்வுக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது, பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களைத்தான். ஆனால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாராவது புகார் சொன்னால் விசாரிக்க வரலாம். அப்போது கைகொடுப்பது வருகைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், வயது, கூட வந்தவர் யார், என்ன உறவு, கைபேசி எண், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். சித்தி ஒருவரே 5 பிள்ளைகளைக் கூட்டி வந்து ஒரே எண்ணைக் கொடுக்கும் இடத்தில்தான் குழப்பம் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் அல்லது தகப்பன் எண்ணைத் தனியாக வாங்குங்கள். பிள்ளையின் கைப்பட்டையில் வரிசை எண் மட்டும் போதும், கூட வந்த பெரியவருக்கும் அதே எண். பெயர் எழுதினால் முன்பின் தெரியாதவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம்.

அகழி ஓரம்: மேலே சொன்னது சரி. இதையும் கவனியுங்கள்: "இவனைப் பாத்துக்குங்க, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு வந்துடறேன்" என்று விட்டுப்போவார்கள். அந்த நொடியே பொறுப்பு உங்கள் தலையில். பெரியவர் உடன் இல்லாமல் பிள்ளையை உட்கார வைக்க மாட்டோம் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். கழிவறைக்கு, உடன் வந்த பெரியவரே அழைத்துப் போகட்டும். தன்னார்வலர் யாரும் பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை தலை எண்ணுங்கள். ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் உடனே ஒருவர் கோட்டை வாசலுக்கு, ஒருவர் அகழிப் பக்கம், ஒருவர் கழிவறைக்கு. 5 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். "இன்னும் கொஞ்சம் தேடிப் பார்ப்போம்" என்று இழுக்கவே கூடாது.

குயவர்மேடு: களிமண்ணைப் பிசைந்து ஈரமாகவே கொண்டு வாருங்கள். காய்ந்த பொடியை அறைக்குள் கொட்டிக் கலந்தால் தூசு நுரையீரலுக்குப் போகும். பொம்மைக்குக் கண்ணாக வைக்கும் மணிகள் மேசையில் கிடந்தால் கூட வரும் 2 வயதுத் தங்கச்சி வாயில் போட்டுக்கொள்ளும். மண்ணிலேயே கண் வைக்கச் சொல்லுங்கள். வேலூர் வெயிலுக்கு 11.30-க்குள் முடிப்பது நல்லது. குடிநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் இருக்கட்டும்.

பாலாற்றங்கரை: ஒன்று விட்டுப்போயிற்று. யாரோ தவறாகத் தொட்டதாக ஒரு பிள்ளை சொன்னால், துருவிக் கேட்காதீர்கள், பெரியவர்களை உட்கார வைத்துப் பேசி முடிக்கவும் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது.

கோட்டைமதில்: நன்றி. தாத்தா பாட்டி மட்டும் வந்தால்?

அகழி ஓரம்: தாராளமாக வரலாம். பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு சீட்டு வாங்கிப் பதிவேட்டில் வைத்துவிடுங்கள். படம் எடுக்கச் சம்மதமா இல்லையா என்பதையும் அதே சீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.