13-0 எடுத்தும் வெளியே: உங்கள் அணிக்கு எந்த பவுல் கிடைத்தது?

டல்லஹாசியிலிருந்து, தொடங்கி வைப்பவர்:

டிசம்பர் தொடக்கத்தில் வரும் அந்த ஒரு ஞாயிறு நெருங்கினாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் எந்த அணி பிளே ஆஃபுக்கு, அதாவது தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுக்குப் போகிறது, மற்றவர்கள் எந்த ஊர் பவுலுக்கு, அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் தனி ஆட்டத்துக்குப் போகிறார்கள் என்று அறிவிக்கும் நாள் அது. (நம் ஊர் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிறார்களே, அது.) உங்கள் அணிக்கு என்ன கிடைத்தது, அன்று எங்கே இருந்தீர்கள், யாரோடு வாக்குவாதம் என்று எழுதுங்கள். என் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

2023 டிசம்பர் 3. முந்தின இரவுதான் எங்கள் ஃபுளோரிடா ஸ்டேட் சார்லட்டில் லூயிவிலை 16-6 என்று தோற்கடித்து, தன் கான்ஃபரன்ஸான (கல்லூரி அணிகளின் லீக்) ஏசிசியின் பட்டம் வாங்கியிருந்தது. 13 ஆட்டம், 13 வெற்றி. பிளே ஆஃபில் அப்போது நான்கே இடம்தான், ஆனாலும் எனக்குப் பயமில்லை. 2014-இல் அந்த முறை வந்ததிலிருந்து பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் தோற்காமல் பட்டம் வென்ற அணியை ஒருமுறைகூட வெளியே நிறுத்தியதில்லை. நண்பர் வீட்டில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. அறிவிப்பு முடிந்ததும் சாப்பாடு என்று ஏற்பாடு.

மிச்சிகன், வாஷிங்டன், டெக்ஸாஸ் என்று வரிசையாக வந்தது. நாலாவது அலபாமா.

யாரும் பேசவில்லை. அலபாமா செப்டம்பரில் தன் சொந்த மைதானத்திலேயே டெக்ஸாஸிடம் 34-24 என்று தோற்ற அணி. ஆனால் முந்தின நாள், தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்திருந்த ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தியிருந்தது. எங்களுக்கு ஐந்தாவது இடம், ஜார்ஜியாவுக்கு ஆறாவது. பிரியாணி அடி பிடித்த வாசனை வந்த பிறகுதான் ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போனார்.

காரணம் எங்கள் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ். நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுடன் ஆடும்போது அவருக்குக் கால் முறிந்தது. அடுத்து வந்தவருக்குத் தலையில் அடி. லூயிவிலுக்கு எதிராக ஆடியது மூன்றாவது ஆள், முதலாண்டுப் பையன். முக்கியமான வீரர் இல்லாமல் போனால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று பிளே ஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியின் விதியிலேயே இருக்கிறது. எடுத்துவிட்டார்கள். என் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்திருக்குமே என்கிற மாதிரி டிராவிஸ் அன்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படவில்லை.

அன்று இரவு மதுரையிலிருந்து அம்மா போன். குரலை வைத்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாத்துலயும் ஜெயிச்சுட்டாங்கங்கிற. அப்புறம் ஏன்ப்பா விடல?" என்றார். டிவியில் மூன்று மணி நேரம் பேசிய நிபுணர்களை விட எனக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

எங்களுக்குக் கொடுத்தது ஆரஞ்சு பவுல், ஜார்ஜியாவுக்கு எதிராக, டிசம்பர் 30. ரோஷத்தில் டிக்கெட் வாங்கிவிட்டேன். டல்லஹாசியிலிருந்து மயாமி பக்கம் ஏழு மணி நேரம் கார். போவதற்குள் எங்கள் வீரர்களில் இருபது பேருக்கு மேல் கழன்றுகொண்டார்கள். சிலர் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டுக்கு, சிலர் வேறு கல்லூரிக்கு. எஞ்சியவர்கள் இறங்கினார்கள். பாதி ஆட்டத்தில் 42-3. முடிவில் 63-3. பவுல் ஆட்டங்களின் சரித்திரத்திலேயே அவ்வளவு பெரிய தோல்வி வேறு கிடையாது.

என் பக்கத்து இருக்கையில் ஜார்ஜியாவின் சிவப்புச் சட்டையில் ஒரு பெரியவர். முதல் கால்பகுதியில் குதித்துக் கைதட்டினார். இரண்டாவதில் உட்கார்ந்தே தட்டினார். மூன்றாவதில் கை மடியிலேயே இருந்தது. என்னிடம் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை நீட்டி, நாங்களும் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றோம், போன இரண்டு வருடமும் சாம்பியன் நாங்கள்தான், எங்களுக்கும் இங்கே வர இஷ்டமில்லை என்றார். அவித்த கடலை. நம் ஊர் கடலை மாதிரியே உப்பாக இருந்தது. இரண்டு பேரும் தோலை உரித்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தைப் பார்த்து முடித்தோம்.

சரி, உங்கள் முறை.

பர்மிங்ஹாமிலிருந்து, ஆபர்னில் படித்தவர்:

தம்பி, உங்கள் வயிற்றெரிச்சலுக்கு மூத்த அண்ணன் ஒருத்தன் இருக்கிறேன். கோவையில் டெக்ஸ்டைல் முடித்துவிட்டு ஆபர்னுக்கு மேல்படிப்புக்கு வந்தவன். 2004 சீசன். அப்போது நான்கு அணிகூட இல்லை, இரண்டே இரண்டு. ஓட்டெடுப்பையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து பிசிஎஸ் என்று ஒன்று வைத்திருந்தார்கள். யுஎஸ்சி, ஓக்லஹோமா, நாங்கள், மூன்று பேருமே தோற்காமல் வந்தோம். அவர்கள் இருவரும் சீசன் தொடங்கும் முன்பே தரவரிசைப் பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் இருந்தார்கள். நாங்கள் தொடங்கியதே பதினைந்துக்குக் கீழே. முன்னால் நிற்பவன் தோற்றால்தானே வரிசை நகரும்? கடைசிவரை நகரவில்லை.

சுகர் பவுலில் வர்ஜீனியா டெக்கை 16-13 என்று ஜெயித்து 13-0 ஆனோம். மறுநாள் யுஎஸ்சி ஓக்லஹோமாவை 55-19 என்று நொறுக்கியது. அந்த ஆட்டத்தை லேபில் வேலை செய்துகொண்டே ஒரு சின்ன டிவியில் பார்த்தேன். என்னுடன் இருந்த உள்ளூர்ப் பையன் ஸ்கோரைப் பார்க்கவே மறுத்துவிட்டான். "இந்த ரெண்டாவது இடம்தான் நமக்குக் கிடைக்காத இடமா?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு விதி மீறல் என்று சொல்லி யுஎஸ்சியின் அந்தப் பட்டத்தை பிசிஎஸ் 2011-இல் பறித்துக்கொண்டது. அப்போதாவது எங்களுக்கு வருமா என்று பார்த்தேன். இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். ஜெயித்தால் டூமர்ஸ் கார்னரில் இருக்கும் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருளை வீசிக் கொண்டாடுவது எங்கள் ஊர் வழக்கம். பறித்த செய்தி வந்த அன்று எந்தக் கணக்கில் வீசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கொலம்பஸிலிருந்து:

அடிக்க வராதீர்கள், கமிட்டி செய்தது சரி என்பவன் நான்.

2014-இல் எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் இதே நிலைமைதான். முதல் குவாட்டர்பேக் சீசன் தொடங்கும் முன்பே தோள் அடிபட்டு வெளியே. இரண்டாவது ஆளுக்கு மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. எங்கள் கான்ஃபரன்ஸான பிக் டென்னின் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது ஆள், கார்டேல் ஜோன்ஸ். விஸ்கான்சினை 59-0 என்று துவைத்தார்கள். மறுநாள் நாலாவது இடம் கிடைத்தது. அப்புறம் அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20, முதல் பிளே ஆஃப் கோப்பையே எங்களுக்கு. மூன்றாவது ஆள் வந்தாலும் எங்களால் முடியும் என்று 59 புள்ளியில் காட்டினோம். நீங்கள் காட்டியது 16. பட்டம் வாங்கினீர்கள், மறுக்கவில்லை. ஆனால் நாலு இடத்துக்கு ஆறு பேர் நிற்கும்போது ஸ்கோரையும் பார்ப்பார்கள் அல்லவா?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த வருடம் எங்களுக்காக வெளியேறியது டிசியு. கடைசி வாரம் மூன்றாவது இடத்தில் இருந்தார்கள், 55-3 என்று ஜெயித்தார்கள், ஆறாவது இடத்துக்குப் போனார்கள். என் ஆபீஸில் டிசியுவில் படித்த ஒருவர் இருக்கிறார். இத்தனை வருடம் ஆகியும் ஒவ்வொரு டிசம்பரிலும் காபி மெஷின் பக்கம் என்னைப் பார்த்தால் "52" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவர்கள் ஜெயித்த வித்தியாசம்.

டல்லஹாசிக்காரர்:

அண்ணா, அந்த 52-தான் என் பதில். 16 போதாது என்கிறீர்கள். அவருக்கு 52 போதவில்லை. எத்தனை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாங்களும் அதற்கேற்ப ஆடுவோமே. லூயிவிலை ஆறு புள்ளியில் நிறுத்தியது எங்கள் தடுப்பாட்டம், அதுவும் ஆட்டம்தானே.

ஆர்லாண்டோவிலிருந்து:

உங்களை ஐந்தாவது இடத்திலாவது வைத்தார்கள். எங்கள் யுசிஎஃப் 2017-இல் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. கமிட்டி கொடுத்தது 12-ஆவது இடம். சின்ன கான்ஃபரன்ஸ், யாரோடு ஆடினீர்கள் என்று கேட்டார்கள். பீச் பவுலில் ஆபர்னோடு விட்டார்கள். அதே ஆபர்ன், அந்த சீசனில் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் ஜெயித்த அணி. அந்த இரண்டு அணிதான் அந்த வருட இறுதி ஆட்டமே ஆடின. நாங்கள் ஆபர்னை 34-27 என்று ஜெயித்தோம். (பர்மிங்ஹாம் அண்ணா, மன்னிக்கவும்.)

எங்கள் ஆட்கள் யாரிடமும் கேட்கவில்லை. நாங்கள்தான் தேசிய சாம்பியன் என்று தாங்களே அறிவித்துக்கொண்டார்கள். டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் வேறு. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு "கோப்பை எங்கப்பா?" என்றாள். வேறு ஊரில் இருக்கிறது என்றேன். கோலி என்று ஒரு கம்ப்யூட்டர் தரவரிசை எங்களை முதலில் வைத்திருந்தது. அதை நான் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராலேயிலிருந்து:

எல்லாரும் பிளே ஆஃப் பற்றியே அழுகிறீர்கள். எங்களைப் போன்ற வீட்டில் பவுல் என்றால் குடும்பச் சுற்றுலா. 12 ஆட்டத்தில் ஆறு ஜெயித்தால் தகுதி வந்துவிடும். அதற்கப்புறம் எந்த ஊர் என்பதைக் கமிட்டி முடிவு செய்வதில்லை. பவுல்களுக்குக் கான்ஃபரன்ஸ்களோடு ஒப்பந்தம், முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த ரசிகர்கள் கூட்டமாக வருவார்கள், ஹோட்டல் நிறையுமா, போன வருடம் இதே அணி வந்ததா என்றெல்லாம் பார்ப்பார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் எந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டம் வரும் என்று பார்க்கிற மாதிரிதான்.

2023-இல் எங்கள் என்சி ஸ்டேட்டுக்கு ஆர்லாண்டோவில் பாப்-டார்ட்ஸ் பவுல் கிடைத்தது. கான்சாஸ் ஸ்டேட்டிடம் 28-19 என்று தோற்றோம். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பாப்-டார்ட் பொம்மை ஒரு பெரிய டோஸ்டருக்குள் இறங்கி, கீழே நிஜமாகவே தின்கிற பலகாரமாக வெளியே வந்தது. ஜெயித்த வீரர்கள் அதைப் பிய்த்துத் தின்றார்கள். என் பையன் சின்னவன், பாவம் அந்தப் பொம்மை என்று கேவிக் கேவி அழுதான். பெரியவன் எனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று அழுதான்.

ஒரே ஒரு சங்கடம். அந்த வருடம் பிளே ஆஃப் கமிட்டியின் தலைவர் பூ காரிகன், எங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர். ஹோட்டல் லிஃப்டில் ஃபுளோரிடா ஸ்டேட் தொப்பி போட்ட ஒருவர் என் சிவப்புச் சட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு மாடி. "நான் இல்லீங்க" என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

சிகாகோவிலிருந்து:

2024-இல் பிளே ஆஃபை 12 அணி ஆக்கியதும் சண்டை தீரும் என்றார்கள். நாலாவது இடத்தில் இருந்த சண்டை பன்னிரண்டுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். முதல் வருடமே அலபாமா வெளியே, எஸ்எம்யு உள்ளே. மறுவருடம் நோட்டர் டேம்.

என் மனைவி அங்கே படித்தவர். நோட்டர் டேமும் மயாமியும் 10-2, பத்து வெற்றி, இரண்டு தோல்வி. சீசனின் முதல் வாரம் மயாமி 27-24 என்று ஜெயித்திருந்தது. ஆனாலும் வாராவாரம் வந்த பட்டியலில் நோட்டர் டேம்தான் மேலே இருந்தது. கடைசிப் பட்டியலில் மயாமியை மேலே மாற்றிவிட்டார்கள். ஆகஸ்டில் நடந்த ஆட்டம் டிசம்பரில்தான் ஞாபகம் வந்ததா என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அடுத்து கல்லூரி, எந்த பவுலும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் பந்தியில் இடமில்லை என்றால் இரண்டாம் பந்தியில் உட்கார வேண்டியதுதானே, கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவதா? இதைச் சொன்னதற்கு இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

டல்லஹாசிக்காரர்:

சிகாகோ நண்பரே, உங்கள் மனைவி பக்கம்தான் நான். 63-3 பார்த்தவன் சொல்கிறேன், சில பந்திகளில் உட்காராமல் இருப்பதே மேல்.

ராலே அக்கா, லிஃப்டில் இருந்தது நான் இல்லை. நான் மயாமி பக்கம்தான் போனேன். ஆனால் அவரை எனக்குப் புரிகிறது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: 2024-இல் எந்தக் கமிட்டியும் எங்களுக்கு அநியாயம் செய்யவில்லை. நாங்கள் 2-10. அறிவிப்பு ஞாயிறன்று நண்பர் வீட்டுக்கு யாரும் போகவில்லை, பிரியாணியும் இல்லை. இரவு அம்மா மறக்காமல் கூப்பிட்டார். "இந்த வருஷமாவது விட்டாங்களாப்பா?"