ஏழாம் வகுப்பு அறிவியல்: பிள்ளைகள் கையில் கொடுப்பதா, நாமே செய்து காட்டுவதா?

கரும்பலகை:
இந்த வாரம் என் வகுப்பில் மெழுகுவர்த்திச் சோதனை. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். எட்டுக் குழுவாகப் பிரித்துப் பிள்ளைகளையே செய்யவிட்டேன். ஒரு பீரியட் முழுக்கப் போனது. கடைசியில் எட்டுக் குழுவும் ஒரே பதிலை எழுதின: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. தப்பு. பத்து நிமிடம் பாடம் நடத்தியிருந்தால் இது மனதில் ஏறியிருக்காது. இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள், இனி மாற்றுவது கஷ்டம். ஏழாம் வகுப்பில் ஆசிரியர் செய்து காட்டி விளக்கினால் போதும் என்பதுதான் என் முடிவு.

தேன்சிட்டு:
பாதியில் நிறுத்திவிட்டீர்களே சார்! அதே டம்ளருக்குள் இரண்டு, மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இன்னும் மேலே ஏறும். உள்ளே இருந்த ஆக்சிஜன் மாறவில்லை, பிறகு எப்படி என்று கேளுங்கள். தண்ணீர் எப்போது ஏறியது என்றும் கேளுங்கள். சுடர் எரியும்போது கொஞ்சம்தான் ஏறும், அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். கவிழ்க்கும்போதே சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சில சமயம் விளிம்பில் குமிழியாகவே தெரியும். அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பிள்ளைகள் தப்பாக எழுதியது எனக்கு நல்ல செய்தி. அது அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்தது, இப்போது வெளியே வந்திருக்கிறது.

கரும்பலகை:
இதை நீங்கள் சொன்னீர்கள், பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. நான் சொல்வதும் அதுதான். 2004-இல் டேவிட் கிளார், மிலெனா நிகம் இருவரும் 3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகள் 112 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சாய்தளத்தில் பந்தை உருட்டி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பது எப்படி என்று கற்பிப்பதுதான் நோக்கம். நேரடியாகச் சொல்லிக்கொடுத்த குழுவில் 77 சதவீதம் பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தாங்களாகத் தேடிய குழுவில் 23 சதவீதம்தான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தேன்சிட்டு:
அந்த எண்களை மறுக்க மாட்டேன். பிள்ளைகளைச் சும்மா விட்டுவிட்டால் தானாக எல்லாம் வந்துவிடும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அந்த "நேரடிக் கற்பித்தல்" எப்படி நடந்தது என்று பாருங்கள். ஆசிரியர் சாய்தளத்தை எதிரே வைத்து, இப்படி அமைத்தால் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று பிள்ளைகளிடம் கேட்டு, பிறகு ஏன் என்று விளக்கினார். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு குழுப் பிள்ளைகளும் சோதனையைத் தாங்களே அமைத்தார்கள். கரும்பலகைப் பாடத்துக்கு ஆதரவாக இதைக் காட்ட முடியாது.

முகில்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் மகள் ஏழாம் வகுப்பு. குழுவில் ஐந்து பேர் என்றால் ஒருவர் செய்கிறார், நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த நாலில் அவளும் ஒருத்தி. இதைப் பற்றி யாருமே பேசவில்லையே?

தேன்சிட்டு:
நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லோர் கையிலும் ஒன்று இருக்கும்படியான சோதனையாகப் பார்த்து எடுப்பேன். ஊசல் இருக்கிறதே, ஒரு நூலும் ஒரு நட்டும் போதும், இரண்டு பேருக்கு ஒன்று கொடுக்கலாம். நூலை 25 செ.மீ. வைத்து, கொஞ்சமாக இழுத்துவிட்டு, போய்த் திரும்புவதை ஓர் அலைவாக எண்ணினால் 10 அலைவுக்குச் சுமார் 10 விநாடி. எடையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்வேன். வேகம் கூடும் என்று நிறையப் பேர் எழுதுவார்கள். நேரம் மாறாது. அப்புறம், 20 விநாடி வேண்டும், நூல் எவ்வளவு என்பேன். பெரும்பாலும் 50 செ.மீ. என்பார்கள். அளந்தால் 14 விநாடிதான் வரும். ஒரு மீட்டர் வரை நீட்டினால்தான் 20. நாலு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு நேரம் என்பதை அந்த வகுப்பு மறக்காது. எழுதிவைத்த ஊகம் இல்லாமல் இதே சோதனையைச் செய்தால், நூல் ஆடியது என்பது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

கரும்பலகை:
ஊகத்தை முன்பே எழுதவைப்பது, அதை நான் செய்யவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடம் முழுக்க இப்படி நடத்தினால் பாடப்பகுதி முடியாது. தேர்வில் வரையறை எழுதத் தெரியாத பிள்ளைக்கு யார் பொறுப்பு? மாதம் ஒன்று செய்கிறேன், அதற்கு மேல் முடியாது.

முகில்:
மாதம் ஒன்று போதும் சார், ஆனால் அன்றைக்கு எல்லோர் கையும் படவேண்டும்.

கரும்பலகை:
சரி. ஊசலை இரண்டு இரண்டு பேராகச் செய்யட்டும், ஊகத்தைப் பேனாவால் எழுதட்டும். மெழுகுவர்த்தியை மறுபடி நான்தான் மேசையில் செய்து காட்டப் போகிறேன், மூன்று வைத்து. நெருப்பு விஷயம், எட்டு இடத்தில் என்னால் கண் வைக்க முடியாது.

தேன்சிட்டு:
நெருப்பு உங்கள் கையிலேயே இருக்கட்டும். எத்தனை மெழுகுவர்த்தி வைக்கலாம் என்பதை மட்டும் பிள்ளைகள் சொல்லட்டும் சார். மூன்று என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.