மறு: தனியார் நிலத்தில் காட்டுயிர் வாழிடம்: 'பேணுநிலம்', 'வாழிடப் பாத்தியம்' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இழையைத் தொடங்கிய நண்பர் ஒரு கட்டுரைக்காகக் கேட்டது, தனியார் நிலத்தில் காட்டுயிர்களைக் காக்க ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடக்கும் இரண்டு ஏற்பாடுகளுக்கான தமிழ்ச் சொற்களை: ஒன்று 'லேண்ட் ஃபார் வைல்ட்லைஃப்' என்ற திட்டம், மற்றது நில ஆவணத்தில் பதியும் 'கவனன்ட்'. பத்து மடல்களுக்குள் நாம் 'வனமா, காடா' சண்டைக்குப் போய்விட்டோம். அது எங்கும் ஓடிப்போகாது, பிறகு வைத்துக்கொள்வோம்.

> 'லேண்ட் ஃபார் வைல்ட்லைஃப்' = வனவிலங்குக் காப்பு நிலம். நேரடியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. 'காப்பு' என்றதும் தமிழ்நாட்டில் காப்புக்காடுதான் நினைவுக்கு வரும். காப்பகம், சரணாலயம் எல்லாம் அரசு அறிவிக்கையோடு வருபவை. அவற்றின் பின்னால் தடைகளும் வரும். 1981இல் தொடங்கிய விக்டோரியாத் திட்டமோ முழுக்க விருப்பத்தின் பேரில் நடப்பது. நிலத்துக்காரர் தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்கிறார். விவரம் தெரிந்த ஒருவர் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்க்கிறார். எந்தப் பொந்துமரத்தை வெட்டாமல் விடுவது, எந்தக் களையை முதலில் அகற்றுவது, ஓடைக்கரையில் மாடு இறங்காதபடி எங்கே வேலி போடுவது என்று யோசனை சொல்கிறார். வாசலில் மாட்ட ஒரு பலகை கிடைக்கும். பத்திரத்தில் ஒரு வரிகூட மாறாது. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். நிலத்தை விற்றால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. இதற்குக் 'காப்பு' என்று பெயரிட்டால், படிக்கிற உழவர் பட்டாவை எடுத்துப் பூட்டி வைத்துவிடுவார்.

'வனவிலங்கு' என்பதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தச் சொல் யானையையும் காட்டுப்பன்றியையும்தான் கண்முன் நிறுத்தும். விக்டோரியாவின் மேற்குச் சமவெளிகளில் இயற்கைப் புல்வெளி சின்னஞ்சிறு துண்டுகளாகவே மிஞ்சியிருக்கிறது. அவற்றில் பல தனியார் மேய்ச்சல் நிலங்களுக்குள் கிடக்கின்றன. அங்கே காக்கப்படுவது புல்லும் தரையில் பூக்கும் செடிகளும் பல்லியும் பூச்சியும். ஆகவே 'காட்டுயிர்', 'வாழிடம்' இரண்டும் போதும்.

என் முன்மொழிவு: பேணுநிலம். விளைநிலம் எப்படியோ அப்படியே வினைத்தொகை. பேணுகிறவர் நிலத்துக்காரரே என்பது சொல்லிலேயே இருக்கிறது. அவரைப் பேணுநர் எனலாம்.

இப்படி ஒரு சொல் நமக்கே தேவை என்றும் நினைக்கிறேன். உழாமல் விட்ட நிலத்துக்கு வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கும் பெயர் தரிசு. புதரையும் பனையையும் வேண்டுமென்றே விட்டுவைத்தவருக்கும், வழக்கில் சிக்கி உழ முடியாதவருக்கும் அடங்கல் என்ற அந்தச் சாகுபடிக் கணக்கில் ஒரே சொல். ஆனால் வழக்குத் தமிழ் அவ்வளவு வறண்டதன்று. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். தனியார் பட்டா நிலம்தான். மாட்டுக்காக வைத்திருப்பது, அந்த வேலியிலும் மரத்திலும் வேறு உயிர்களும் குடியிருக்கின்றன. அதைத் தரிசு என்று அந்த ஊரில் சொல்லிப் பாருங்கள்! ('கொறங்காடு' என்பதையே பொதுச்சொல்லாக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆசைதான். கொங்கு வழக்கில் காடு என்பது மானாவாரி நிலம் என்று மதுரைக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் விளக்கி முடிப்பதற்குள் கட்டுரை முடிந்துவிடும்.)

> 'கவனன்ட்' = உடன்படிக்கை அல்லது ஒப்பந்தம்.

இது முற்றிலும் வேறான ஏற்பாடு. முதலாவதோடு குழப்பக் கூடாது. விக்டோரியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான 'டிரஸ்ட் ஃபார் நேச்சர்' என்ற அமைப்போடு நிலத்துக்காரர் எழுதிக்கொள்வது. அமைச்சரின் ஒப்புதலுக்குப் பிறகு நில உரிமை ஆவணத்திலேயே பதிவாகும். நிலம் அவருடையதாகவே இருக்கும்; அவர் விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் குறித்த பகுதியில் மரத்தை அழிப்பதற்கும் மனை பிரிப்பதற்கும் உள்ள கட்டுப்பாடு அடுத்தடுத்து வருகிற எல்லா உரிமையாளர்களுக்கும் பொருந்தும். 'ஒப்பந்தம்' என்றால் அதற்கு ஒரு முடிவுத் தேதி இருக்கும் என்று தோன்றும். 'உடன்படிக்கை' இரண்டு நாடுகள் கையெழுத்திடுவது போல ஒலிக்கிறது. சட்டக் கண்ணோடு பார்த்தால் 'வாழிட வில்லங்கம்' என்பதுதான் மிகத் துல்லியம். பதிவு அலுவலகத்தில் சரியாகப் புரிந்துகொள்வார்கள், கையெழுத்துப் போடத்தான் ஒருவரும் வரமாட்டார்கள்.

பத்திர எழுத்தர்களிடம் நல்ல சொல் இருக்கிறது: பாத்தியம். நடைபாதைப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் என்று கிரயப் பத்திரங்களில் எழுதுகிறார்கள். நிலம் ஒருவருடையது, அதன்மேல் குறிப்பிட்ட ஓர் உரிமை மட்டும் இன்னொருவருக்கு, நிலம் கைமாறினாலும் அது போகாது. அதனால் வாழிடப் பாத்தியம். இயற்கையைக் காக்க ஒருவர் நிலத்தின்மேல் பதியப்படும் அமெரிக்காவின் 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என்பதற்கும் இதுவே பொருந்தும்.

> பாத்தியம் வடசொல். 'வாழிட உரிமை' என்றால் என்ன குறை?

வீடற்றோர் போராட்டத்தின் முழக்கமாகப் படிப்பார்கள் என்பதுதான் குறை. மேலும், நிலம் வைத்திருக்கும் எவருக்கும் 'பாத்தியம்' அந்நியமில்லை.

வழக்கறிஞர் நண்பரின் எதிர்ப்பு கனமானது. 1882ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டப்படி இத்தகைய பாத்தியம் இன்னொரு நிலத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்காகவே இருக்க முடியும். பக்கத்தில் நிலமில்லாத அறக்கட்டளை அதைப் பெற முடியாது. உண்மை. ஆகவே 'இது இந்தியச் சட்டத்தில் உள்ளதன்று' என்று கட்டுரையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே நெருங்கி வருவது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 36சி பிரிவு. தனிநபர் முன்வந்தாலும் அவர் நிலத்தை மாநில அரசு சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். ஒருவருடைய நிலத்துக்குச் 'சமுதாய'ப் பெயர்! அதன்பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். எனவே அது பேணுநிலமும் அன்று, பாத்தியமும் அன்று. அதன் பெயர் அப்படியே இருக்கட்டும்.

பண உதவிக்குப் புதுச்சொல் வேண்டாம். நியூசிலாந்தில் இரண்டாம் எலிசபெத் அரசி தேசிய அறக்கட்டளை வேலிச் செலவில் பங்கு தருகிறது. அதை 'வேலிச் செலவில் பங்கு' என்றே எழுதலாம். 'மானியம்' என்றால் வாங்குபவர் கைநீட்டுவது போலாகிறது. கொடுப்பவர் உண்மையில் நிலத்துக்காரர்தான்.

கடைசியாக 'ரிவால்விங் ஃபண்ட்'. டிரஸ்ட் ஃபார் நேச்சர் தானே நிலத்தை வாங்கி, பாத்தியத்தைப் பதிந்து, மனமுள்ளவருக்கு விற்று, அந்தப் பணத்தில் அடுத்த நிலத்தை வாங்குகிறது. அதற்கு 'சுழற்சி மூலதன வைப்பு' என்று யாரோ எழுதியிருக்கிறீர்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களில் பல்லாண்டுகளாகச் சுழல்நிதி என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.