அரபு நாட்டு அரசியல் பேப்பர் எடுத்திருக்கேன், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

இரண்டாம்செமஸ்டர்:

வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல், முதல் வருஷம். இந்த செமஸ்டரில் விருப்பப் பாடமா 'அரபு, முஸ்லிம் சமூகங்களில் ஆட்சியும் அரசியலும்' எடுத்திருக்கேன். வகுப்பில் பாதிப் பேர் டைம்டேபிள் வசதிக்காக எடுத்தவங்க. நான் ஆசைப்பட்டு எடுத்தவ, அதனாலதான் இவ்வளவு கவலை. சிலபஸ் மொராக்கோவில் ஆரம்பிச்சு இந்தோனேசியாவில் போய் முடியுது. நடுவுல கிலாஃபத், காலனி ஆட்சி, ஈரான் புரட்சி, எண்ணெய், அரபு வசந்தம்னு வாரத்துக்கு ஒண்ணா ஓடுது. ஒண்ணும் மனசுல நிக்கலை.

செமஸ்டர் கட்டுரைக்குத் தலைப்பை நாமே சொல்லணும். 'இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா?'ன்னு எழுதிக் கொடுத்தேன். மேடம் பார்த்துட்டு, "ஆமான்னு எழுதினாலும் உதாரணம் கொட்டிக் கிடக்கு, இல்லைன்னு எழுதினாலும் கொட்டிக் கிடக்கு. வேற யோசிச்சுட்டு வா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

இந்தப் படிப்பு படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஒரு நாட்டை எடுக்கறதா, ரெண்டா? அரபி தெரியாம இதை எழுதினா மதிப்பாங்களா? சின்ன வயசுல மதரஸாவுல ஓதினதால எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தம் தெரியாது.

கடைசிபெஞ்ச்:

யூ.பி.எஸ்.சி. எழுதறதா இருந்தா சர்வதேச உறவுப் பகுதிக்கு உதவும். மத்தபடி ரொம்பக் குழப்பிக்காதீங்க. சுன்னி, ஷியா, எண்ணெய். இந்த மூணும் புரிஞ்சா முக்கால்வாசி பேப்பர் முடிஞ்சது.

சால்மியா_பழையவன்:

மேல சொன்ன மூணும் சவூதியிலயும் இருக்கு, குவைத்துலயும் இருக்கு. குவைத்துல 1962-லயே அரசியல் சட்டம் எழுதி, மறு வருஷமே தேர்தல் வச்சு, 50 பேரை மஜ்லிஸுக்கு, அதாவது பாராளுமன்றத்துக்கு, அனுப்பிட்டாங்க. சவூதியில 1992 வரைக்கும் எழுதி வச்ச அடிப்படைச் சட்டமே கிடையாது, ஷூரா சபைன்னு இருக்கிற ஆலோசனை சபைக்கு இன்னிக்கும் ஆள் போடறது மன்னர்தான். ஏன் இப்படி? இந்த ஒரு கேள்வியே உன் கட்டுரைக்குப் போதும் தங்கச்சி.

நான் வளர்ந்தது குவைத்துல, சால்மியாவில். அப்பா ஒரு கம்பெனியில கணக்கு எழுதினார். அப்புறம் டில்லியில மேற்காசியப் படிப்பு எம்.ஏ. பண்ணினேன். அங்க முதல் வாரமே ஒரு பேராசிரியர் கரும்பலகையில 'அரபு மனநிலை'ன்னு எழுதி அடிக்கோடு போட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் பார்த்த அரபு மனநிலை என்னன்னா, 1999 ஜூலையில, அந்தக் கொதிக்கிற வெயில்ல, ஏசி வச்ச கூடாரம் அடிச்சு, விடிய விடிய ஓட்டு கேட்ட வேட்பாளர்கள். சுவரை ஒட்டி வரிசையா சோஃபா, நடுவுல கஹ்வா (அரபுக் காப்பி) ஊத்துற பையன், மைக்ல ஒருத்தர் மந்திரியைப் பேர் சொல்லித் திட்டிட்டு இருப்பார். பள்ளிக்கூடப் பசங்க நாங்க ஓரமா நுழைஞ்சா யாரும் விரட்டமாட்டாங்க, தட்டு வரும். எங்க வீட்டுல யாருக்கும் ஓட்டு கிடையாது. அந்த நாட்டுல குடியிருக்கிறவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல எங்களை மாதிரி வெளியாட்கள்தானே.

அந்தத் தேர்தல் ஏன் வந்ததுன்னு தெரியுமா? அரசு அச்சடிச்ச குர்ஆன் பிரதிகள்ல பிழை இருந்ததுன்னு மத விவகார மந்திரியை உறுப்பினர்கள் சபையில நிறுத்திக் குடைஞ்சாங்க. நாட்டை ஆளுற அமீர் சபையையே கலைச்சுட்டார். சபை இல்லாத அந்த இடைவெளியில பெண்களுக்கு ஓட்டுரிமைன்னு ஆணையும் போட்டார். புதுசா ஜெயிச்சு வந்த சபை நவம்பர்ல அந்த ஆணையைத் தள்ளுபடி பண்ணிச்சு. அதே விஷயம் மசோதாவா திரும்ப வந்தப்போ 32-க்கு 30-ன்னு தோற்றது. 2005-லதான் பெண்களுக்கு ஓட்டு கிடைச்சது. இப்போ சொல்லு, உரிமை கொடுத்தவர் பரம்பரை ஆட்சியாளர், மறுத்தது மக்கள் தேர்ந்தெடுத்த சபை. இதுல ஜனநாயகம் எந்தப் பக்கம், இஸ்லாம் எந்தப் பக்கம்? உங்க மேடம் திருப்பிக் கொடுத்தது ரொம்பச் சரி.

அதனால 'ஒத்துப்போகுமா'ன்னு கேக்கறதை விட்டுட்டு, யார் யாருக்கு முடியாதுன்னு சொல்ல முடியும், எந்த விஷயத்துல, அதுக்கு அவங்களுக்குத் தெம்பு எங்கிருந்து வந்ததுன்னு கேளு. குவைத்துல அந்தத் தெம்பு எண்ணெய்க்கு முந்தினது. முத்துக்குளிப்பும் பாய்மரக் கப்பல் வியாபாரமும்தான் ஊர். ஷேக்குக்கு வருமானம் வணிகர்கள் கட்டின வரியும் சுங்கமும். காசு கொடுக்கிறவன் கணக்கு கேப்பான் இல்லையா? 1921-ல ஆலோசனை சபை வேணும்னு கேட்டாங்க. 1938-ல அவங்களே தேர்தல் வச்சு 14 பேர் சபை அமைச்சு, சுங்கத்துல கை வச்சாங்க. ஆறு மாசத்துல ஷேக் அதைக் கலைச்சுட்டார். அதே வருஷம்தான் குவைத்தோட புர்கானில் எண்ணெய் கிடைச்சது. (அந்த ஊர்ல 1961 வரைக்கும் புழங்கினது இந்தியா அச்சடிச்ச ரூபாய்தான். சும்மா ஒரு தகவல்.)

1961-ல பிரிட்டன்கிட்டேர்ந்து சுதந்திரம் கிடைச்ச கையோட, அப்போ ஈராக்கை ஆண்ட காசிம் 'குவைத் எங்களுது'ன்னு கிளம்பினார். வெளியில அப்படி ஒரு மிரட்டல், உள்ள பழைய வணிகக் குடும்பங்கள். அமீர் அப்துல்லா அல்-சாலிம் அரசியல் சட்டத்துக்கு ஒத்துக்கிட்டதுக்கு ரெண்டும் காரணம். அந்தச் சட்டத்தோட 2, 4, 6-ஆம் பிரிவுகளை மட்டும் படி. நாட்டுச் சட்டங்களுக்கு ஷரீஅத் (இஸ்லாமியச் சட்டநெறி) ஒரு முக்கிய மூலம்னு ஒண்ணு, ஆட்சி முபாரக் அல்-சபாஹ் வம்சத்துக்குன்னு ஒண்ணு, அதிகாரத்துக்கெல்லாம் ஊற்று மக்கள்னு ஒண்ணு. மூணும் ஒரே தாள்ல! அறுபது வருஷமா அவங்க போடற சண்டை முழுக்க இந்த மூணுக்கும் நடுவுலதான்.

கட்சிக்கு அனுமதி கிடையாது. மந்திரிகளும் சபையில உட்கார்ந்து ஓட்டுப் போடலாம், நம்பிக்கை ஓட்டு மட்டும் முடியாது. இவ்வளவு கட்டு இருந்தும் 2006 ஜனவரியில, உடம்பு முடியாத அமீர் சஅதை ஒன்பது நாள்ல பதவியிலிருந்து இறக்கினது இதே சபை. கடைசியா 2024 மே 10-ல இப்போதைய அமீர் மிஷ்அல் சபையைக் கலைச்சு, நாலு வருஷம் வரைக்கும்னு சில பிரிவுகளையும் நிறுத்தி வச்சிருக்கார்.

எண்ணெய்க் கோட்பாடும் சிலபஸ்ல வரும். அரசுக்கு வரி தேவையில்லை, அதனால மக்கள் கேள்வி கேக்கமாட்டாங்கன்னு. குவைத்துல வருமான வரி கிடையாது, ஆனாலும் கேட்டாங்க. என்ன கேட்டாங்கங்கறதுதான் சுவாரஸ்யம்: குடிமக்கள் வாங்கின பேங்க் கடனை அரசே அடைக்கணும்! 2023 ஜனவரியில அந்தத் தகராறுல மந்திரிசபையே ராஜினாமா பண்ணிச்சு.

பிரிவு226:

நல்ல பதில். ஆனா மதத்தை இப்படி ஒரேயடியா ஓரம்கட்ட வேண்டாம். ஈரானில் காவலர் சபைன்னு 12 பேர் இருக்காங்க. 6 மார்க்க அறிஞர்களை உச்ச தலைவர் நேரா நியமிக்கிறார். மீதி 6 சட்ட நிபுணர்களை நீதித்துறைத் தலைவர் கொடுக்கிற பட்டியலிலிருந்து மஜ்லிஸ் எடுக்குது. யார் தேர்தலில் நிற்கலாம்னு சலிக்கிறதும், மஜ்லிஸ் போட்ட சட்டத்தைத் திருப்பி அனுப்பறதும் இவங்கதான். அங்கே மதம் வெறும் அலங்காரம் இல்லை, அரசு இயந்திரத்தோட பாகம்.

நான் சட்டக் கல்லூரி. எங்களுக்குப் பிடிச்ச வழக்கு எகிப்துல. 1980-ல அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஷரீஅத் 'ஒரு' பிரதான மூலம்னு இருந்ததை 'அதுவே' பிரதான மூலம்னு ஆக்கினாங்க. கெய்ரோவுல இருக்கிற அல்-அஸ்ஹர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தோட மருத்துவப் பிரிவு அறுவை சிகிச்சைக் கருவி வாங்கிட்டுப் பணம் பாக்கி வச்சிருந்தது. சிவில் சட்டம் 226-ஆவது பிரிவுப்படி தாமத வட்டி கட்டச் சொன்னாங்க. 'வட்டி ஹராம், புதுத் திருத்தப்படி அந்தப் பிரிவே செல்லாது'ன்னு அல்-அஸ்ஹர் போனது. 1985-ல உச்ச அரசியல் சட்ட நீதிமன்றம், திருத்தம் இனிமே வர்ற சட்டங்களைத்தான் கட்டுப்படுத்தும், பழசைத் தொடாதுன்னு சொல்லிடுச்சு. அல்-அஸ்ஹரே வட்டி கட்ட வேண்டியதாச்சு.

சால்மியா_பழையவன்:

அருமையான வழக்கு, என் எம்.ஏ.வில் யாரும் இதைச் சொல்லித் தரலை. நான் மதத்தை ஓரம்கட்டலை தம்பி. எந்த நாற்காலியில உட்கார்ந்து அது பேசுதுன்னு பார்க்கச் சொல்றேன், நீங்க பண்ணியிருக்கிறதும் அதுதான்.

இரண்டாம்செமஸ்டர்:

எல்லாருக்கும் நன்றி. சால்மியா அண்ணா, குவைத்தையும் சவூதியையும் ஒப்பிட்டு எழுதட்டுமா? அரபி விஷயம் யாரும் சொல்லலையே.

சால்மியா_பழையவன்:

சவூதி வேண்டாம், அது கண்டம் மாதிரி. அளவே வேறங்கறதால எதை எடுத்தாலும் அதுதான் காரணம்னு ஒருத்தர் சொல்லிடுவார். கத்தார் எடு. அதுவும் சின்ன நாடு, பிரிட்டிஷ் பாதுகாப்புல இருந்தது, முத்துக்குளிச்சது, சுன்னி ஆட்சிக் குடும்பம். ஆனா வணிகர் வர்க்கம் அங்க மெலிசு. 1930-கள்ல முத்துச் சந்தை படுத்தப்போ பல பேர் ஊரை விட்டே போயிட்டாங்க. ஷூரா சபைக்கு முதல் தேர்தலே 2021 அக்டோபர்லதான், அதுவும் 45-ல 30 இடத்துக்கு. 2024 நவம்பர்ல பொது வாக்கெடுப்பு வச்சு அந்தத் தேர்தலையும் எடுத்துட்டாங்க. கேள்வி தானா அமையும்.

அரபிக்கு: அரசியல் சட்டங்கள் ஆங்கிலத்துல கிடைக்கும், முதுகலைக் கட்டுரைக்கு அது போதும். ஆனா நீ எழுத்துக்கூட்டிப் படிக்கறதே ஒரு வேலைக்கு ஆகும். குவைத் தேர்தல் முடிவுப் பட்டியலை அரபியிலயே எடுத்து, 4-ஆவது, 5-ஆவது தொகுதியில ஒவ்வொருத்தர் பேரோட கடைசிப் பகுதியை மட்டும் பாரு. முதைரி, ரஷீதி, அஜ்மி, ஆஸ்மி. எல்லாம் பழங்குடிப் பேர். கட்சி இல்லாத ஊர்ல ஓட்டு எப்படித் திரளுதுன்னு அந்தப் பட்டியலே சொல்லிடும், அர்த்தம் தெரியவே வேண்டாம்.

பிரிவு226:

கூடவே குடியுரிமைச் சட்டத்தையும் சேர்த்துக்கங்க தோழி. குவைத்தின் 1959 சட்டப்படி 1920-க்கு முன்னாடி குடியேறின குடும்பம்தான் அசல் குவைத்தி. கத்தாருக்கு அந்த வருஷம் 1930. 2021 தேர்தல்ல அசல் கத்தாரிதான் நிற்கலாம்னு வச்சதுக்கு அல்-முர்ரா பழங்குடியினர் ஆகஸ்ட்ல போராடினாங்க.

கடைசிபெஞ்ச்:

நானும் இதே பேப்பர்தான் எடுத்திருக்கேன். நான் ஈரான் எடுத்துக்கறேன், யாரும் போட்டிக்கு வராதீங்க.