பத்தாயிரத்துக்குள் நியூட்ரலான ஹெட்போன், பின்பக்கம் மூடியது: எது வாங்கலாம்?

முத்தியால்பேட்டை:
வீட்டிலேயே குரல் பதிவு, மிக்சிங் எல்லாம் செய்கிறேன். தெருப்பக்க அறை, வண்டிச் சத்தம் ஓயாது, அதோடு பாடும்போது ஹெட்போனிலிருந்து தாளம் கசிந்து மைக்கில் விழவும் கூடாது, அதனால் மூடியதுதான் வேண்டும். பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, கூட்டிக் காட்டாமல் உள்ளதை உள்ளபடி தர வேண்டும். ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டித் தரும் தனி ஆம்ப் கிடையாது, லேப்டாப்பில் நேராகச் செருகுவேன்.

கடலூர் ஓ.டி.:
சோனி எம்டிஆர்-7506 பாருங்கள். 1991இல் வந்த மாடல், இன்னும் ஸ்டுடியோக்களில் ஓடுகிறது. மின்தடை 63 ஓம்தான், லேப்டாப்பே போதும். ச, ஸ ஒலிகள் கொஞ்சம் குத்தும், ஆனால் குரலில் பிசிறு கண்டுபிடிக்க அதுவே வசதி. சுருள் வயர், கழற்ற முடியாது.

லாஸ்பேட்டை:
அதை நியூட்ரல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா, ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி, தூக்கல். ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ் அதைவிடச் சமன், 35 ஓம், வயரும் கழற்றலாம். பெயரைப் பார்த்து எம்50எக்ஸ் பக்கம் போகாதீர்கள், பேஸ் கூடுதல். பேயர்டைனமிக் டிடி 770 போட்டால் காதுக்குச் சுகம், ஆனால் ட்ரெபிளும் பேஸும் தூக்கித்தான் வரும்.

முத்தியால்பேட்டை:
சரி, எம்40எக்ஸ் பார்க்கிறேன். கண்ணாடி போடுகிறவன், பிரச்சினை வருமா?

கடலூர் ஓ.டி.:
வரும். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டால், எந்த மாடலானாலும் பேஸ் குறைந்துவிடும். கண்ணாடியோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள். அப்புறம் நம் ஊர் வேர்வைக்கு அந்தத் தோல்மாதிரி மெத்தை உரியும், மாற்று மெத்தை கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.