டர்பன் விரிகுடாவில் தென்மேற்குக் காற்றும் ஒரு படகுப் பந்தயமும்

பலத்த காற்றில் சிறு பாய்மரப் படகு ஓட்டிய அனுபவங்களை அன்பர்கள் பலர் இங்கே எழுதி வருகிறீர்கள். நான் அவற்றை மீட்புப் படகிலிருந்து பார்த்தவன் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் விரிகுடாவில் படகோட்டுபவர்கள் இரண்டு காற்றுகளை நன்கு அறிவார்கள். வானம் தெளிந்த நாட்களில் வடகிழக்குக் காற்று மெல்ல எழுந்து, பிற்பகலில் வலுத்து, இரவில் அடங்கிவிடும். தென்மேற்குக் காற்றின் குணம் வேறு. அது சொல்லாமல் வரும் என்று எங்கள் உள்ளூர் கிளப்பிலேயே சிலர் கூறுவதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து பெர்க் காற்று அனல்போல் இறங்கி வருவதும், காற்றழுத்தமானி தாழ்வதும், பிறகு காற்று முற்றிலும் ஓய்ந்து பாய்கள் தொங்கிப்போவதும் அதன் முன்னறிவிப்புகளே. குளிர்காலக் கடைசியில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இவை மூன்றும் வரிசை தவறாமல் நிகழ்ந்தன.

எங்கள் மீட்புப் படகை ஓட்டியவர் இந்த விரிகுடாவிலுள்ள சாலிஸ்பரி தீவில் வலை இழுத்த தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த பெரியவர். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அவ்வாறு வந்தவர்களில் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் இந்த விரிகுடாவில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் உண்டு. இனஒதுக்கல் காலத்தில் வெள்ளையருக்கென்றே இருந்த படகுக் கிளப்புகளின் வாசலில்கூட எம்மவர் நிற்க முடியாது. ஆனால் இந்த நீரின் ஆழமும் மணல்திட்டும் நீரோட்டமும் அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தன; இன்று அந்த அறிவு பந்தயத் திடலிலேயே பயன்படுவதைக் காண எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

முதல் பந்தயம் ஓய்ந்த காற்றில் இழுபறியாக முடிந்தது. இரண்டாவதற்கான ஐந்து நிமிட எச்சரிக்கைக் கொடி ஏறும் முன்பே பெரியவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, பேஹெட் பக்கம் தண்ணீரைப் பார். கறுத்து வருகிறது" என்றார். விரிகுடாவின் உள்முனையிலுள்ள அந்தச் சதுப்புக்காட்டு ஓரமாக ஒரு கரிய பட்டை நீர்மேல் நகர்ந்து வந்தது. நான் உடனே வானொலியில் தகவல் சொன்னேன். பந்தய அதிகாரி ஆப்டிமிஸ்ட் படகுகளைக் கரையேற்றச் சொல்லிவிட்டு, பெரிய பிள்ளைகளின் டாப்சிக் படகுகளையும், ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர் படகுகளையும் மட்டும் அனுமதித்தார். ஆப்டிமிஸ்ட் என்பது 1947-இல் கிளார்க் மில்ஸ் குழந்தைகளுக்காக வடிவமைத்த, இரண்டரை மீட்டர் நீளம்கூட இல்லாத பெட்டி போன்ற படகு. அதை அந்த நேரத்தில் நீரில் விட்டுவைப்பது நியாயமாக இருந்திருக்காது.

காற்றின் வேகம் மணிக்கு 10 கடல்மைலிலிருந்து 20 கடல்மைலாக இரட்டித்தால், பாயின்மேல் விழும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகும். அன்று அதுதான் நடந்தது. அதோடு கடலில் ஓதம் ஏறும் நேரமாகவும் இருந்ததால், துறைமுக வாயில் வழியே உள்ளே வரும் நீரும் எதிரே வீசும் காற்றும் மோதிக்கொண்டு, குட்டையும் செங்குத்துமான அலைகளை எழுப்பின. லேசர் ஓட்டிகளில் முன்யோசனை உள்ளவர்கள் கரையிலேயே சிறிய பாயை மாட்டியிருந்தார்கள். ஒரே உடற்பகுதிக்கு ஏறத்தாழ 7, 5.7, 4.7 சதுர மீட்டர் எனப் பாயை மாற்றிக்கொள்ள முடிவது அந்தப் படகின் பெரும் வசதி. எடை குறைந்த ஒருவர் முழுப்பாயுடன் இறங்கி, பாய்க்கயிற்றை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி போராடினார். அவரைக் கடந்து சென்ற இளம்பெண்ணோ ஒவ்வொரு வீச்சுக்கும் கயிற்றை ஒரு சாண் விட்டு, படகு நிமிர்ந்ததும் அந்த ஒரு சாணையே திரும்ப இழுத்தாள். அவளுடைய படகு சாயவே இல்லை. பலத்த காற்றில் வலிமையைவிட இந்தக் கை அசைவுதான் வெல்லும் என்பது என் உறுதியான கருத்து.

அவள்தான் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்தாள். அப்போது அவளுக்குச் சற்று முன்னே, தன் பந்தயத்தின் பின்வரிசையில் தவித்துக்கொண்டிருந்த ஒரு டாப்சிக் கவிழ்ந்தது. ஜாக் கோப்பர் 1955-இல் இந்நாட்டிலேயே வடிவமைத்த அந்தத் தட்டையடிப் படகு ஆழம் குறைந்த நீருக்கு ஏற்றதுதான். ஆனால் மணல்திட்டின் அருகே தலைகீழாகப் புரண்டால், பாய்மரத்தின் நுனி சேற்றில் புதைந்துகொள்ளும். நாங்கள் அப்போது வேறொரு படகைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தோம். முன்னணியில் இருந்த அந்தப் பெண் ஒரு கணமும் தயங்காமல் தன் படகைக் காற்றை நோக்கித் திருப்பி, பாயைப் படபடக்க விட்டு நிறுத்தி, நீரில் கிடந்த பையனைத் தன் படகின் ஓரத்தைப் பற்றிக்கொள்ளச் செய்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்து எஞ்சினை அணைத்தபோது அந்தப் பையன் முதலில் கேட்டது, "மாமா, என் படகு உடைந்துவிட்டதா?" என்பதுதான். அவனை ஏற்றிப் போர்வையைச் சுற்றிய பிறகே படகைத் தொட்டோம்.

சேற்றில் புதைந்த பாய்மரத்தை அவசரப்பட்டு இழுத்தால் அது வளைந்துவிடும். பெரியவர் கவிழ்ந்த படகின் முன்முனையில் கயிற்றைக் கட்டி, மரம் எந்தச் சாய்வில் உள்ளே போனதோ அதே சாய்வில் வெளியே வரும்படி, எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் வைத்துப் பின்னுக்கு இழுத்தார். நெடுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு படகு மெல்ல உருண்டு நிமிர்ந்தது. மரத்தின் உச்சியில் முழங்கை நீளத்துக்குக் கறுத்த சேறும், அதில் ஒட்டிய சிறு சிப்பிகளும் இருந்தன. பாய்க்கயிற்றை முன்பே அவிழ்த்து விட்டிருந்ததால் படகு மறுபடி கவிழவில்லை.

இதற்குள் பந்தய அதிகாரி நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியை ஏற்றி, மூன்று முறை ஒலி எழுப்பி, எஞ்சியிருந்த டாப்சிக் பந்தயத்தைக் கைவிட்டார். ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பது பந்தய விதிகளின் முதல் விதி. அவ்வாறு உதவியதால் இடம் இழந்தவர் நிவாரணம் கேட்கலாம். லேசர் பந்தயத்தை ஐந்தாவதாக முடித்த அந்தப் பெண் கேட்கத் தயங்கினாள். நாங்கள் வற்புறுத்தி எழுதிக் கொடுக்கச் செய்தோம். அன்று மாலையே விசாரணைக் குழு எங்களிடம் சாட்சியம் கேட்டு, கவிழ்ந்த இடத்தில் அவள் இருந்த நிலையைக் கணக்கில் கொண்டு முதலிடப் புள்ளியை வழங்கியது.

ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். பாய்மர உச்சியில் சிறு மிதவை கட்டினால் படகு முழுவதும் தலைகீழாகாது என்று சொல்லி, சிறுவர் படகுகளுக்கு அதைக் கட்டாயமாக்க எங்கள் கிளப்பில் யோசிக்கிறோம். கேப் டவுன் பக்கத்தில் தென்கிழக்குக் காற்றில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் அன்பர்கள் இதைப் பயன்படுத்தியிருந்தால், காற்றில் அது படகின் ஓட்டத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.